வீட்டு ஆட்கள் கூலி: இல்லை

பணி ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு நாகர்கோவிலில் பொழுது போகவில்லை என்றால் குற்றம் ஊர்மேல் இல்லை. காலையில் நடை இருக்கிறது. நூலகத்தில் பேப்பர் இருக்கிறது. சாயங்காலம் நாகராஜா கோயில் திடலில் ஏதாவது ஒரு கட்சி யாரையாவது கண்டித்துக்கொண்டிருக்கும். இவற்றோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்கிறார்கள்; அவர்களுடைய மனைவிமாரும் அப்படியே. எனக்கு அது போதவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளில் 'மேல் நடவடிக்கைக்கு' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிய கை இது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் அது தவித்தது. ஆகவே வீட்டிலிருந்தே ஒரு தொழில் தொடங்குவது என்று தீர்மானித்தேன். என்ன தொழில் என்பது மட்டும்தான் பாக்கி.

முறைப்படி செய்ய வேண்டும் அல்லவா? முதலில் 'உரிமையாளர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். எதற்கு உரிமையாளர் என்று கடைக்காரர் கேட்கவில்லை. பண்பான மனிதர். அடுத்து, தொழிலுக்கு வேண்டிய தகுதிகளைத் தாளில் எழுதினேன். முதல் குறைவாக இருக்க வேண்டும். மழையும் வெயிலும் படக்கூடாது. நாலுபேர் கேட்டால் சொல்லக் கூச்சம் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர இடம் தர வேண்டும். தாளை வாங்கிப் படித்த என் மனைவி, "லாபம் வரணும்னு எங்கயும் காணல்லியே? அதையும் ஒரு ஓரத்துல எழுதிக்கிடுங்க" என்றாள்.

குமரி மாவட்டத்தில் தொழில் என்று வாயைத் திறந்தால் முதலில் வந்து மொய்ப்பது தேனீ. மார்த்தாண்டம் தேனின் கதை பெரிய கதை. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தி, கோழி வளர்ப்பையும் தேனீ வளர்ப்பையும் வீட்டுத் தொழிலாகச் சொல்லிக்கொடுத்தார். முட்டையை ஆளுக்கு ஆள் சந்தையில் கொண்டுபோய் விற்காமல் சங்கமாகச் சேர்ந்து விற்கவும் பழக்கினார். மரத்துப் பொந்தில் இருந்த தேனீ மரப்பெட்டிக்குள் வந்தது. நூறு வருடம் ஆகியும் பெட்டி போகவில்லை.

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தது நிர்வாக அமைப்பு. ஒரு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் வேலையாட்கள். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, தீபாவளி போனஸ் இல்லை. விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார்கள். இதை மனைவியிடம் விளக்கியபோது, "வேலைக்குப் போறதெல்லாம் ஆணா பெண்ணா?" என்று கேட்டாள். கையிலிருந்த பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். வேலைக்காரத் தேனீக்கள் அத்தனையும் பெண். ஆண் தேனீ தேன் சேகரிக்காது, கொடுக்கும் கிடையாது, கூட்டில் இருப்பதைத் தின்றுகொண்டு இருக்கும். தேன் வரத்துக் குறையும் காலத்தில் வேலைக்காரத் தேனீக்கள் அதைக் கூட்டை விட்டு வெளியே தள்ளிவிடும் என்றும் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

விசாரித்ததில் இன்னும் சில சங்கதிகள் தெரிந்தன. நம்மூர்த் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து அல்ல. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் ஊறும் இனிப்பு நீர்தான் தேனாகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மலையோரத் தோட்டங்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போக வேண்டும். மழைக்காலத்தில் சீனிப்பாகு கரைத்து ஊற்றித் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் பெட்டி பெட்டியாகக் காலி செய்ததைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லி வருந்துகிறார்கள். என்னிடம் இருப்பதோ வடசேரிப் பக்கம் மூன்று சென்டில் ஒரு வீடு, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய அயல்வீடுகள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "வோய், தேனீ வளர்க்கப் போறீராமே? எனக்குக் கொட்டினா கேஸ் ஒம்ம பேர்லயா, தேனீ பேர்லயா?" என்றார். உரிமையாளர் ஸ்டாம்ப் என் பெயரில் இருந்ததால் அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது காளான். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வைக்கோலை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, ஈரம் ஆற்றி, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டித் தொங்கவிட்டால் மூன்று வாரம் கழித்து சிப்பிக்காளான் எட்டிப் பார்க்கும். இருட்டு அறை, ஈரக்காற்று, அமைதி. நான் மத்தியானம் உறங்குவதற்கு வேண்டியவையும் இவைதான் என்பதால் அறையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கும் என்னிடம் விடை தயாராக இருந்தது. மீன் இல்லாமல் சோறு இறங்காத மாவட்டம் இது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று உண்டு. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடலும் நம் மாவட்டத்தில் இருப்பதால், சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையேறி நிற்கும் தடை முடிவதற்குள் குளச்சல் பக்கம் தடை தொடங்கிவிடும். ஆக ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை ஊரே காளானுக்கு ஏங்கி நிற்கும் என்பது என் கண்டுபிடிப்பு. இதைத் திண்ணையில் இருந்து விளக்கிக்கொண்டிருந்தபோதே வாசலில் சாளை மீன் வந்தது. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டு வள்ளங்களுக்கு இல்லை என்று மீன்காரப் பாட்டி சொல்லிவிட்டு, "காளானா? அது மழைக்கு மொளைக்குமே, அதுக்கா சக்கரம் குடுப்பாவ?" என்று கேட்டுக்கொண்டே கூறு வைத்தாள்.

பப்படம் பற்றியும் யோசித்தேன். 1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் தொடங்கியதுதான் லிஜ்ஜத் பப்பட். இன்று நாடு முழுக்கப் பல்லாயிரம் பெண்கள் அதில் பங்காளிகள். கதை கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். நம்மூர் கல்யாணப் பந்தியில் பருப்பும் நெய்யும் ஊற்றிப் பப்படத்தை நொறுக்காமல் யாராவது எழுந்திருக்கிறார்களா? சந்தை இருக்கிறது, மொட்டைமாடியும் இருக்கிறது. வெயில்தான் இல்லை. தமிழ்நாட்டில் மற்ற மாவட்டங்கள் பெரும்பாலும் ஒரு பருவமழையை நம்பிக் கிடக்க, நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என இரண்டும் தப்பாமல் வரும். வயலுக்கு அது வரம். உளுந்து மாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பாதி காய்ந்த பப்படத்தோடு கட்டிலுக்கும் மாடிக்கும் ஓடுவதற்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை.

மாவட்டம் பெற்ற புவிசார் குறியீடுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வழி பிறக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை: என்னிடம் இருப்பது ஒரே தென்னை, அதுவும் காய்ப்பது அண்ணாச்சி வீட்டுப் பக்கம். கன்னியாகுமரி கிராம்பு: மாறாமலைக் காற்றும் உயரமும் வேண்டும், நட்ட மரம் காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடம் காத்திருக்க என் வயது இடம் கொடுக்க வேண்டும். 2023-ல் குறியீடு பெற்ற மட்டி வாழை: வாசத்துக்கும் ருசிக்கும் ஈடில்லை, ஆனால் பழுத்த குலை என் வீட்டுக்குள் இருக்கும் வரை விற்பனைக்கு மிஞ்சாது. வடசேரி கோயில் நகை: கெம்பு பதிக்கும் ஆசாரிமார் சின்ன வயசிலேயே பட்டறையில் உட்கார்ந்தவர்கள். 2025-ல் குறியீடு கிடைத்த தோவாளை மாணிக்கமாலை: அரளிப் பூவை மடித்து, நொச்சி இலை வைத்து, பாய் பின்னியது போல் தட்டையாகக் கட்டும்போது பூ ஒவ்வொன்றும் பதித்த கல்லாகத் தெரியும். தோவாளையில் ஒரு பெரியவர் எனக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் மடித்ததைப் பார்த்துவிட்டு, "சார் ஆபீஸ்லயா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் என் மச்சினன் வந்து சேர்ந்தான். கையில் ஒரு நோட்டீஸ். 'வீட்டிலிருந்தே மாதம் அரை லட்சம்! மெஷின் நாங்கள் தருகிறோம், சரக்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்!' 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு பாக்குமட்டைத் தட்டுக்குக் கிராக்கி என்று அவன் வாதித்தான். வாதம் சரிதான். ஆனால் தட்டு விற்று லாபம் வரும் என்றால் மெஷினை ஏன் விற்கிறார்கள் என்று என் மனைவி கேட்டாள். பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி விஷயத்திலும் இதே பேச்சுத்தான். குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனம் நாங்கள் தருகிறோம், வளர்ந்த பறவையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2012-ல் கம்பெனிகள் கவிழ்ந்தபோது முதலீடு செய்தவர்கள் கையில் மிஞ்சியது ஆறடிப் பறவையும் அதன் பசியும். பணிக்கொடைப் பணம் இருக்கும் பாஸ்புக் எங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்பதை மச்சினன் மறந்துவிட்டான். அவனுடைய அக்காவிடம் இருக்கிறது.

கடைசியில் எனக்கு ஞானம் வீட்டு அடுக்களையிலிருந்தே வந்தது, வாசனை வடிவத்தில். என் மாமியார் முந்திரிக்கொத்து போட்டுக்கொண்டிருந்தார். சென்னையில் இருக்கும் பேத்திக்கு ஒரு டப்பா, துபாய்க்குப் போகும் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு டப்பா, கல்யாணச் சீருக்கென்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டது ஒரு பெரிய டப்பா. சிறுபயறை வறுத்துத் திரித்து, சர்க்கரைப் பாகு பதம் பார்த்து, எள்ளும் தேங்காயும் வறுத்துச் சேர்த்து, ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, கை பொறுக்காத சூட்டிலேயே உருட்டி, அரிசிமாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் இட வேண்டும். ஆறினால் உருளாது. பாகு முறுகினால் கல்லாகிவிடும், இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். பக்குவமாக வந்தால் வாரக்கணக்கில் கெடாது. சரக்கு இருக்கிறது, செய்யும் கை இருக்கிறது, கேட்கும் ஆளும் இருக்கிறது. மேலாளர்தான் குறை என்று எனக்குப் பட்டது.

உடனே உட்கார்ந்து திட்ட அறிக்கை எழுதினேன். கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கொடுப்பதற்கு. எழுத்து வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மூலப்பொருள், எரிவாயு, டப்பா, போக்குவரத்து, தேய்மானம் எல்லாம் தனித்தனித் தலைப்பில். மேலாளர் ஊதியம் மாதம் 15,000 ரூபாய். அதற்குக் கீழே, லாபம் கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, 'வீட்டு ஆட்கள் கூலி: இல்லை'. கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பும் குத்தினேன்.

தொழில் மையத்தில் இருந்த அதிகாரி பொறுமைசாலி. முழுவதும் படித்தார். "பலகாரம் போடப் போறது யாரு?" என்றார். மனைவியும் மாமியாரும் என்றேன். "நீங்க?" என்றார். மேற்பார்வை என்றேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 15 சதவீதம், பெண்ணுக்கு 25 சதவீதம் என்று விளக்கிவிட்டு, விண்ணப்பத்தை அம்மா பெயரிலேயே போடலாமே என்றார். என் மேற்பார்வையின் மதிப்பு மைனஸ் பத்து சதவீதம் என்று மத்திய அரசே கணக்கிட்டு வைத்திருப்பது அன்றுதான் தெரிந்தது.

அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். 'இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, அம்மைக்கு வயசு எழுவத்தஞ்சு. பாகு பிடிக்குத கை வெந்து செவந்து கிடக்கு. இதே வேலைக்கு வெளிய ஒரு ஆளை வச்சா என்ன கூலி குடுப்பீங்க?" என்றாள். வாயில் வந்த தொகையைச் சொன்னேன். "அதை எழுதுங்க. எம் பேர்லயும் எழுதுங்க. எழுதிட்டு லாபத்தைக் காட்டுங்க பாப்பம்." எழுதினேன். லாபம் மறைந்துவிட்டது. மேலாளர் ஊதியத்தை அடித்தாள். லாபம் திரும்பி வந்தது. உள்ளேயிருந்து மாமியார், என்னிடம் நேரே சொல்வது மரியாதை இல்லை என்பதால் மகளிடம், "மக்ளே, மாப்பிளைக்கு இருப்பு கொள்ளல்ல போலிருக்கு. ரெண்டு தேங்கா திருவச் சொல்லு" என்றார்.

இந்த 'இல்லை' நான் கண்டுபிடித்ததல்ல. இந்தியா முழுக்க நடந்த 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அந்த 97 நிமிடத்தையும் செய்கிற ஆண்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எங்கள் தெருப் பெண்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை கொடுக்கத் தொடங்கியபோது, உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்ததற்கும் இதுதான் நியாயம்.

வீட்டுக்குள் செய்யும் வேலைக்குக் கூலி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. இதே நாகர்கோவிலுக்கு 1819-ல் லண்டன் மிஷன் சார்பில் மால்ட் பாதிரியார் வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுணுக்க வேலை. அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது; ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, ரேந்தை பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்துத் தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். கூலி அவர்கள் கைக்கே போனதால் நடந்தது அது. இடையில் மேலாளர் ஒருவர் புகுந்து 'வீட்டு ஆட்கள், கூலி இல்லை' என்று எழுதியிருந்தால் ரேந்தை மட்டும் கப்பலேறியிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் தொழில் நடக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு மனைவி பெயரில். நாங்கள் பதிந்தபோது சிறு தயாரிப்பாளருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். சிறுதொழிலுக்கான 'உத்யம்' பதிவுக்குச் செலவே கிடையாது. சொல்லி வைத்தால்தான் போடுவார்கள். போட்டுவிட்டு ஆள் தேடுவதில்லை. மாமியார் பாகு பார்ப்பதோடு சரி, உருட்டுவதற்குத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள், அன்றன்றைக்குக் கூலி. எனக்கும் உத்தியோகம் உண்டு. தேங்காய் திருவுவது, டப்பாவில் பதினான்கு இலக்கப் பதிவு எண் ஒட்டுவது, எடை பார்ப்பது, கோட்டாறு சந்தையில் பயறு வாங்கி வருவது, பார்சல் ஆபீசில் வரிசையில் நிற்பது. கூலி உண்டா என்று கேட்டதற்கு, முதலில் வேலை படியட்டும் என்று பதில் வந்திருக்கிறது.

வீட்டில் தொழில் தொடங்கத் துடிக்கும் என் வயது ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தொழில் நல்லது என்று ஊரெல்லாம் கேட்டு அலைய வேண்டாம். உங்கள் வீட்டில் யார் கைக்கு எந்த வேலை ஏற்கெனவே வசப்பட்டிருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்க யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்தக் கைக்கு உரிய கூலியைக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். எழுதிய பிறகும் மிச்சம் நின்றால் தொழில் தொடங்கலாம். நிற்காவிட்டால் பென்ஷன் போதும், வீட்டு ஆட்களை விட்டுவிடுங்கள்.